வாழ்வே சாட்சி



கிறிஸ்தவ சமயத்தார் நாவில் நாள்தோறும் வழங்கும் சொல் ஒன்று உண்டு. 'சாட்சி' என்பது அச்சொல். ஆலயத்தில் சாட்சி சொல்லுகிறார்கள். சபைக் கூட்டத்தில் சாட்சி கேட்கிறார்கள். ஒருவர் நல்ல முறையில் வாழ்ந்து மறைந்தால், அவர் நற்சாட்சி பெற்றவர் என்று சொல்லி அடக்கம் செய்கிறார்கள். மிகுதியாக வழங்கும் நாணயத்தில் முத்திரை தேய்ந்துபோவது போல, மிகுதியாக வழங்கும் சொல்லிலும் பொருள் தேய்ந்துவிடுகிறது. ஆதலால் அச்சொல்லை அது பிறந்த இடத்துக்கே எடுத்துச் சென்று பார்ப்பது நல்லது.

அது பிறந்த இடம் நீதிமன்றம். புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்க மொழியில் 'மார்த்துஸ்' என்னும் சொல், வழக்கு மன்றத்தில் தான் கண்டதைச் சொல்லுகிறவனைக் குறித்தது. பிற்காலத்தில் நம்பிக்கையின் பொருட்டு உயிர் நீத்தவர்க்கு அதே பெயர் வழங்கலாயிற்று. சாட்சிக் கூண்டில் ஏறி நிற்பவனிடம் நீதிபதி எதிர்பார்ப்பது யாது? சொல்வன்மை அன்று. பிறர் சொல்லக் கேட்டதை ஒப்புவிப்பதும் அன்று. கேள்விப்பட்டதைச் சொன்னால் மன்றம் ஏற்காது. தான் கண்டதைத் தன் வாயால், கூட்டாமலும் குறைக்காமலும் சொல்ல வேண்டும். அதன்பின் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து குறுக்கு விசாரணை செய்வார். முதல் விசாரணையில் மணி மணியாகப் பேசிய பலர் குறுக்கு விசாரணையில் வியர்த்துப் போவதுண்டு.

ஆலயத்தில் எழுந்து நின்று பேசுவது முதல் விசாரணை என்று வைத்துக்கொண்டால், திங்கட்கிழமை காலையில் தொடங்கிச் சனிக்கிழமை மாலையில் முடிகிறதே, அந்த வாழ்க்கை முழுவதும் குறுக்கு விசாரணையே. கடைக்காரர் கேட்கிறார், விடுதித் தோழன் கேட்கிறான், வீட்டில் பாத்திரம் துலக்கும் அம்மையார் கேட்கிறார். அவர்கள் வாய் திறந்து கேட்பதில்லை; பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். நாம் கவனியாத வேளையில் பார்க்கிறார்கள் என்பதுதான் இந்த விசாரணையின் கடுமை. நான் ஒரு கிறிஸ்தவன். ஆசிரியப் பணியில் நரைத்தவன். இவ்வுரையைக் கேட்போரில் பெரும்பாலோர் பிற சமயத்தவராக இருத்தல் கூடும். அதனால் கேடொன்றும் இல்லை. சொல்லும் செயலும் ஒன்றுபட வேண்டும் என்பது எந்தச் சமயத்துக்கும் தனியுடைமை அன்று. உள்ளத்தின் நேர்மை உண்மை, வாயின் நேர்மை வாய்மை, உடலின் நேர்மை மெய்ம்மை என்று மூன்றாகப் பிரித்துப் பெயரிட்ட மொழி நம் மொழி.

மலைப்பிரசங்கம் என வழங்கும் இயேசு பெருமானின் உரையில் என்னை நெடுநாள் சிந்திக்க வைத்த இடம் ஒன்று உண்டு. மத்தேயு எழுதிய நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில், விளக்கை ஏற்றி மரக்காலால் மூடிவைப்பார் யாரும் இலர், உங்கள் ஒளி பிறர் காணும்படி விளங்கட்டும் என்னும் கருத்தில் பேசுகிறார். அடுத்த அதிகாரத்தைப் புரட்டினால், அறம் செய்யும்போது பிறர் காணச் செய்யாதீர்கள், வலக்கை செய்வதை இடக்கை அறிய வேண்டாம் என்னும் கருத்தில் பேசுகிறார். வகுப்பில் சுட்டியான மாணவன் ஒருவன் இருந்தால் உடனே கையை உயர்த்துவான்: "ஐயா, காட்டச் சொல்லுகிறாரா, மறைக்கச் சொல்லுகிறாரா?" நல்ல கேள்வி. எனக்குத் தோன்றும் விடை இது. விளக்கு தன்னைக் காட்டுவதற்காக எரிவதில்லை. அறையிலுள்ள பொருள்கள் தெரிவதற்காக எரிகிறது. படித்துக்கொண்டிருப்பவன் விளக்கைப் பார்ப்பதில்லை, நூலைப் பார்க்கிறான். விளக்கையே பார்க்கத் தொடங்கினால் கண் கூசும், எழுத்துத் தெரியாது. அறத்தைக் கண்டவர் அறத்தின் மூலமாகிய கடவுளை எண்ணினால் அது ஒளி. செய்தவரை எண்ணிக் கைதட்டினால் அது எக்காளம். இரண்டு அதிகாரமும் ஒன்றுக்கொன்று முரணவில்லை.

இனிச் சான்றுகளுக்கு வருவோம். தொலைவில் தேடவேண்டுவதில்லை; காவிரிக் கரையிலேயே இருக்கின்றன.

மாயூரம் வேதநாயகம் பிள்ளையைப் 'பிரதாப முதலியார் சரித்திர'த்தின் ஆசிரியர் என்று நீங்கள் அறிவீர்கள். 1879-இல் வெளிவந்த அந்நூல் தமிழின் முதல் நாவல் என்று இலக்கிய வரலாற்று வினாவுக்கு விடை எழுதியிருப்பீர்கள். அவர் 1826-இல் திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். நீதித்துறையில் முன்சீபாகப் பணியாற்றியவர். பிறர் சாட்சியை எடைபோடுவதே அவருடைய அன்றாடத் தொழில். தீர்ப்புகள் ஆங்கிலத்திலேயே இருந்தால் குடிமக்கள் எப்படி அறிவார்கள் என்று கருதி, உயர்ந்த நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து 1862-இல் 'சித்தாந்த சங்கிரகம்' என வெளியிட்டார். இதைச் சமயத் தொண்டு என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் வழக்கில் தோற்ற ஓர் ஏழை தான் ஏன் தோற்றோம் என்பதைத் தன் மொழியில் அறிந்துகொள்ளட்டும் என்று எண்ணும் மனம் எங்கிருந்து வந்தது? பிறனைத் தன்னைப்போல் எண்ண வேண்டும் என்னும் கட்டளையிலிருந்து வந்தது என்பேன்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்தின்போது, அவர் தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தவர்க்கு உணவளித்தார். அதைக் கண்ணாரக் கண்ட ஒருவர் உள்ளம் உருகிக் கீர்த்தனை பாடினார். யார் தெரியுமா? நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார். சிவபக்தியே உருவான பாரதியார் ஒரு கிறிஸ்தவரைப் பாடினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இவர்மீது 'குளத்துக்கோவை' இயற்றினார். திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகர் இவருடைய நெருங்கிய நண்பர். இவர்களுள் எவரும் தம் சமயத்தை விடவில்லை. வேதநாயகரும் தம் சமயத்தை மறைக்கவில்லை. எல்லாச் சமயத்தாரும் பாடத்தக்க கீர்த்தனைகளை அவர் இயற்றியது, தம் நம்பிக்கையில் தளர்ந்ததனால் அன்று. அதில் ஊன்றி நின்றதனால்தான்.

வேதநாயகருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன் அதே சோழநாட்டில் வாழ்ந்த வேறொருவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில், ஒரு மனிதனுடைய வாய்ச்சொல் எவ்வளவு நிறையுள்ளதாக இருக்கக்கூடும் என்பதற்கு அவரைப்போன்ற சான்று அரிது. கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ட்சு என்பது அவர் பெயர். 1726-இல் பிரஷிய நாட்டில் பிறந்து, 1750-இல் தரங்கம்பாடி வந்து இறங்கினார். தமிழ் கற்றார், பாரசீகமும் மராத்தியும் இந்துஸ்தானியும் போர்த்துக்கேயமும் கற்றார். திருச்சிராப்பள்ளியிலும் பின்பு தஞ்சையிலும் பணிபுரிந்து, 1798-இல் தஞ்சையிலேயே உயிர் நீத்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை; தாய்நாடு திரும்பவுமில்லை.

1779-ஆம் ஆண்டு. மைசூரை ஆண்ட ஹைதர் அலிக்கும் சென்னையிலிருந்த ஆங்கிலேயருக்கும் இடையே ஐயமும் பகையும் முற்றிக்கொண்டிருந்த காலம். ஆங்கிலேயரின் தூதர் எவரையும் ஹைதர் நம்ப விரும்பவில்லை. அந்தக் கிறிஸ்தவரை அனுப்புங்கள், அவர் என்னை ஏமாற்றமாட்டார் என்னும் பொருள்பட அவர் சொல்லியனுப்பினார் என்பது வரலாறு. கவனியுங்கள். கேட்டவர் கிறிஸ்தவர் அல்லர். கேட்கப்பட்டவர் அரசியல் அறிந்த தூதரும் அல்லர். சுவார்ட்சு ஸ்ரீரங்கப்பட்டணம் சென்று தங்கினார். விடைபெறும்போது வழிச்செலவுக்கென ஹைதர் பணம் கொடுத்தார். மறுத்தால் அரசரை அவமதித்ததாகும் என்பதால் பெற்றுக்கொண்டார். சென்னை திரும்பியதும் அதை அரசாங்கத்தாரிடம் ஒப்படைக்க முன்வந்தார். நீரே வைத்துக்கொள்ளும் என்று அவர்கள் சொல்லவே, தஞ்சையில் ஆதரவற்ற குழந்தைகளின் பள்ளிக்கென அதை ஒதுக்கிவைத்தார். தூது பயன்தரவில்லை, அடுத்த ஆண்டே போர் மூண்டது. எனினும், அந்தப் போரின் நடுவிலும் அப்பாதிரியார் தடையின்றி நடமாடட்டும், அவருக்குத் தீங்கு செய்யலாகாது என்று ஹைதர் தம் படைத்தலைவர்களுக்குக் கட்டளையிட்டிருந்தார்.

அப்போரினால் தஞ்சைக் கோட்டைக்குள் உணவு அருகியது. வெளியே நாட்டுப்புறத்தில் நெல் இருந்தது. அதைக் கொண்டுவர மாடுகள் வேண்டும். குடியானவர்கள் தர மறுத்தார்கள். காரணம் எளிது. முன்பு கொண்டுவந்தபோது அவர்களுக்குக் கூலியும் விலையும் சரிவரக் கிடைக்கவில்லை. அரசர் வாக்களித்தார், நம்பவில்லை. ஆங்கிலேய அலுவலர் வாக்களித்தார்கள், நம்பவில்லை. தெருவில் மக்கள் பசியால் விழுந்து மடிந்தார்கள். இறுதியில், பணம் கொடுக்கப்படும் என்று சுவார்ட்சு தம் பெயரில் எழுதியனுப்பினார். ஓரிரு நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் வந்தன. குறுகிய காலத்தில் 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்து சேர்ந்தது. வந்தவர்களுக்கெல்லாம் அவர் பணத்தைத் தீர்த்துக் கொடுத்தார். கையிருப்புப் போதாதபோது தம்மிடம் பிறர் ஒப்படைத்திருந்த பணத்தையும் பொறுப்பேற்று எடுத்துக் கொடுத்தார். மேலும் சிறிது அன்பளிப்பும் சேர்த்து அவர்களை வீட்டுக்கு அனுப்பினார்.

பின்னர் இதே போன்ற நிகழ்ச்சி ஒன்று நேர்ந்தது. அதிகாரிகளின் கொடுமை தாங்காமல் தஞ்சை நாட்டுக் குடிகள் ஏறத்தாழ 65,000 பேர் நிலத்தை விட்டு வெளியேறினார்கள். நாடு தரிசாகிக் கிடந்தது. திரும்பி வாருங்கள் என்ற அரசாணையை எவரும் பொருட்படுத்தவில்லை. சுவார்ட்சு வாக்களித்த பிறகு ஒரே நாளில் 7,000 பேர் திரும்பினார்கள், மற்றவர்களும் தொடர்ந்தார்கள். உழவுப் பருவம் கடந்துபோகிறதே என்று அவர் கவலைப்பட்டபோது, உங்கள் முகத்துக்காக இரவும் பகலும் உழைப்போம் என்ற கருத்தில் அவர்கள் விடை கூறினார்களாம்.

மாணவர்களே, இதை வரலாற்றுச் செய்தியாக மட்டும் குறித்துக்கொள்ளாமல், கணக்காகவும் போட்டுப் பாருங்கள். 80,000 கலம் நெல்லை இழுத்து வந்தது எது? பேச்சுத்திறன் அன்று; படைபலம் அன்று. அதற்கு முன் ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக அவர் சொன்ன சிறு சிறு சொற்கள். நாளைக்கு வருகிறேன் என்றால் வந்தார். தருகிறேன் என்றால் தந்தார். இயலாது என்றால் இயலாது என்றார். அப்படிச் சேர்ந்த நம்பிக்கை, நாட்டுக்கு நெருக்கடி வந்த அன்று வைப்புநிதி போலக் கைகொடுத்தது. ஆணையிட்டுப் பேச வேண்டாம், உன் ஆமும் இல்லையுமே போதுமானவையாக இருக்கட்டும் என்று இயேசு பெருமான் கற்பித்ததன் பொருளை, எந்த விளக்கவுரையிலும் காட்டிலும் தஞ்சைக் குடியானவர்களிடம் நான் தெளிவாகக் கற்கிறேன். "சாமி சத்தியமாக" என்று பத்துமுறை சொல்லுகிறவனை நாம் நம்புவதில்லை அன்றோ? அவனுடைய வெறுஞ்சொல்லுக்கு விலையில்லை என்பதை அவனே அறிந்திருப்பதனால்தான் ஆணையைத் துணைக்கு அழைக்கிறான்.

இவ்விடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கூட்டாமலும் குறைக்காமலும் சொல்லுவது சாட்சியின் இலக்கணம் என்று தொடக்கத்தில் கூறினேன். அது எனக்கும் பொருந்தும். தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களின் சாட்சி எல்லா இடத்திலும் நற்சாட்சியாக இருந்ததில்லை. சுவார்ட்சின் காலத்திலும் அதற்குப் பின்னும் தஞ்சை வட்டாரத்துச் சபைகளில் சாதிக்கொரு பக்கமாக அமர்ந்து வழிபட்டார்கள். 1833-இல் பேராயர் டேனியல் வில்சன் சாதி வேற்றுமை சபையை விட்டு அறவே நீங்க வேண்டும் என்று எழுதியபோது, தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சாதியை விடவில்லை, சபையை விட்டார்கள். நெல்லைச் சீமையிலுள்ள வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த கோயில், இரு பிரிவினர் ஒருவரையொருவர் காணாமல் வழிபடத்தக்க இரு கைகளாகப் பிரித்துக் கட்டப்பட்டது. நடுவிலிருந்த தடுப்பு 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அகற்றப்பட்டது. அதுவும் பெரும் பூசலுக்கிடையே. உள்ளே பீடத்தில் நின்று எல்லாரும் ஒரே தந்தையின் மக்கள் என்று குருவானவர் பிரசங்கித்திருப்பார். ஆனால் வழியே போனவர் பிரசங்கத்தையா கேட்டிருப்பார்? சுவரையல்லவா பார்த்திருப்பார்! சுண்ணாம்பும் செங்கல்லும் அன்று பிரசங்கியாரைவிட உரக்கப் பேசின. கல்லறைத் தோட்டங்களிலும் இத்தகைய சுவர்கள் எழுந்ததுண்டு. இதைச் சொல்ல நாணமாக இருக்கிறது; சொல்லாதிருப்பது அதைவிட நாணத்துக்குரியது.

கொல்லிமலையின் கதை இதற்கு மாற்றாக அமைவது. 1913-இல் ஜெசி பிராண்டு என்பாரும் அவர் மனைவி எவெலினும் அம்மலையில் குடியேறினர். மலேரியாக் காய்ச்சலுக்கு அஞ்சிச் சமவெளி மக்கள் அண்டாத காலம் அது. நரம்புச் சிலந்தி என்னும் புழுநோய் அங்கே மிகுதி. குடிநீர் வழியே உடலுக்குள் புகும் புழு, நீளமாக வளர்ந்து காலில் கொப்புளம் கிளப்பி வெளிவரும். அதைச் சிறு குச்சியில் நாள்தோறும் சிறிது சிறிதாகச் சுற்றி எடுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்து, உள்ளே சீழ் வைக்கும். ஜெசி பிராண்டு மணிக்கணக்கில் அமர்ந்து அந்தப் புழுக்களைச் சுற்றி எடுத்தார். மக்கள் காலை நனைத்து நீர் எடுக்காதபடி கிணறுகளுக்குச் சுற்றுச்சுவர் கட்டினார். பல ஆண்டுகள் இப்படி உழைத்தும் அவர்களுடைய சமயத்தை ஏற்பார் எவருமில்லை. அவர்களைக் கடுமையாக எதிர்த்தவர் அவ்வூர்ப் பூசாரி. அவரே கொடிய காய்ச்சலில் வீழ்ந்தபோது ஊரார் அஞ்சி விலகினர். அந்தக் கணவனும் மனைவியும் மட்டும் சென்று பணிவிடை செய்தனர். இறக்கும் தறுவாயில் அப்பூசாரி தம் கைக்குழந்தையை அவர்களிடமே ஒப்படைத்தார். எதிர்த்தவர் தம் மகளை நம்பி ஒப்படைத்தார் என்னும் செய்தி மலையெங்கும் பரவியது. கேட்க மறுத்திருந்த மக்கள் அதன்பின்னரே காது கொடுக்கத் தொடங்கினார்கள்.

ஜெசி 1929-இல் கருநீர்க் காய்ச்சலால் அம்மலையிலேயே இறந்தார். அவர் மனைவி, சங்கத்தார் ஓய்வளித்த பிறகும் ஓயாமல் மலைகளுக்கே திரும்பி, மட்டக்குதிரையில் ஏறிக் கிராமம் கிராமமாகச் சுற்றி, 1974-இல் தம் 95-ஆம் வயதில் மறைந்தார். தம் வாழ்நாளின் கடைசி இருபது ஆண்டு அளவும் அவர் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி இல்லை என்று அவர் மகன் எழுதியிருக்கிறார். சுருக்கம் விழுந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க அவருக்கு நேரமும் இல்லை, விருப்பமும் இல்லை.

அந்த மகன்தான் டாக்டர் பால் பிராண்டு. 1914-இல் கொல்லிமலையில் பிறந்து, இங்கிலாந்தில் மருத்துவம் பயின்று, 1946-இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அடுத்த ஆண்டு செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்வையிடச் சென்றார். விரல்கள் மடங்கிக் கொக்கிபோல் ஆகிவிட்ட நோயாளி ஒருவரின் கையைப் பற்றி, என் கையை இறுக்கிப் பாருங்கள் என்றார். இரும்புப் பிடி! வலியால் அவர் கையை இழுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. செத்துவிட்டதென்று உலகம் ஒதுக்கிய கையில் இவ்வளவு வலிமையா என்று வியந்தார். நல்ல நிலையிலிருக்கும் தசைநாண்களை இடம் மாற்றித் தைத்து மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவை மருத்துவத்தை அங்கிருந்துதான் வளர்த்தெடுத்தார். தொழுநோயாளியின் சதை தானே அழுகி விழுவதில்லை. வலியுணர்வு அற்றுப்போனதால் தம்மையறியாமல் புண்படுத்திக்கொள்கிறார்கள் என்பதையும் அவரும் அவருடைய துணைவரும் நிறுவினர். துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க முடியாதபோது, நோயுற்ற சிறுவன் ஒருவன் எளிதாகத் திருகித் திறந்தான். விரல் எலும்பு தெரியக் கிழிந்து இரத்தம் சொட்டியது. அவனுக்குத் தெரியவே இல்லை!

மருத்துவ நூல்களில் இடம்பெற்ற இச்செய்திகளைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. ஒரு நோயாளியிடம் மருத்துவ முறைகளை விளக்கிக்கொண்டே அவர் தோளில் கைவைத்தார் பிராண்டு. அம்மனிதர் விம்மி அழத் தொடங்கினார். ஏதேனும் தவறாகச் சொல்லிவிட்டேனோ என்று மருத்துவர் உடனிருந்தவரைக் கேட்டார். இல்லை, இங்கே வருமுன் பல ஆண்டுகளாக யாரும் அவரைத் தொட்டதில்லை, நீங்கள் தொட்டதனால் அழுகிறார் என்று விடை வந்தது. அந்தத் தோளில் பதிந்த கைக்கு மருந்து இல்லை, செலவு இல்லை, பட்டப்படிப்பு வேண்டுவதில்லை. குஷ்டரோகியைத் தொட்டுக் குணமாக்கிய இயேசுவின் வரலாற்றை அந்நோயாளி படித்திருக்க மாட்டார். அன்று அவர் அதைத் தம் தோளில் உணர்ந்தார்.

பெரியோர் செயல்கள் நமக்கு எட்டாதவை என்று சிலர் எண்ணக்கூடும். ஆகவே சிறிய செயல் ஒன்றும் சொல்லுகிறேன். நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளிகளுள் ஒன்றில் கணித ஆசிரியர் ஒருவர் இருந்தார். அதிகம் பேசமாட்டார். ஞாயிற்றுக்கிழமைத் தனிவகுப்புக்கு மட்டும் வர இயலாது என்பார். அதிலிருந்துதான் அவர் கிறிஸ்தவர் என்பதே பலருக்குத் தெரியும். ஒருமுறை அரையாண்டுத் தேர்வில் ஒரு மாணவனுக்கு 27 மதிப்பெண் போட்டிருந்தார். விடைத்தாளின் கடைசிப் பக்கத்தைக் கூட்டாமல் விட்டுவிட்டார் என்பது நான்கு நாள் கழித்து அவருக்கே தெரியவந்தது. உண்மையான மதிப்பெண் 41. பையன் வந்து கேட்கவில்லை. பதிவேட்டில் திருத்திவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். அவர் முதலில் வகுப்பில் எல்லார் முன்னும் அவனை எழுப்பி, "பிழை என்னுடையது, தம்பி, மன்னித்துக்கொள்" என்றார். பையன் தலை நிமிரவில்லை. மதிப்பெண்ணைக் கண்ட அன்றே வீட்டில் அடி விழுந்திருந்தது என்பதை உடன் படிப்பவர்கள் சொன்னார்கள்.

அன்று மாலை மிதிவண்டியை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்கே போயிருக்கிறார். தந்தை நெற்றி நிறையத் திருநீறு அணிந்த பெரியவர். அரிசி மண்டி வைத்திருந்தவர். "ஐயா, உங்கள் மகன் நன்றாகத்தான் எழுதியிருந்தான். கூட்டல் கற்பிக்கும் நான் கூட்டலில் தவறினேன். அடி பட வேண்டியவன் அவன் அல்லன்" என்று சொன்னாராம். இதை என்னிடம் சொன்னவர் ஆசிரியர் அல்லர். அந்தத் தந்தையே ஒருநாள் பள்ளிக்கு வந்து சொன்னார். "ஒரு வாத்தியார் என் வீட்டு வாசலில் நின்று அப்படிச் சொன்னார், ஐயா. உள்ளே வாருங்கள் என்று அழைத்து மோர் கொடுத்தேன். அவர் போனபின் மகனைக் கூப்பிட்டேன். என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பிறந்தது முதல் அவனிடம் நான் மன்னிப்புக் கேட்டதில்லை, அன்று கேட்டேன்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அந்த ஆசிரியர் சமயம் பற்றி அவரிடம் ஒரு சொல்லும் பேசவில்லை.

அப்படியானால் பேசவே வேண்டாமா என்று கேட்பீர்கள். பேசலாம், பேசவும் வேண்டும். பேதுரு அப்போஸ்தலர் எழுதிய முதல் நிருபத்தில் இதற்கு அழகிய முறை ஒன்று காட்டுகிறார்: உன் நம்பிக்கைக்குக் காரணம் என்ன என்று ஒருவர் கேட்டால், விடைசொல்ல ஆயத்தமாக இரு, ஆனால் சாந்தத்தோடு சொல் என்பது அவர் கருத்து. கேட்டால் என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். கேள்வி எழும்படி வாழ்ந்தவனுக்கே விடை சொல்லும் வாய்ப்புக் கிடைக்கிறது. கேளாதவன் காதில் உரக்க ஓதுவது ஆசிரியர் வகுப்பிலும் பயன்தருவதில்லை; நான் நாற்பதாண்டு பார்த்திருக்கிறேன்.

நாவைப் பற்றி யாக்கோபு எழுதிய நிருபம் உங்கள் வயதினர் படிக்கத்தக்கது. பெருங்கப்பலைத் திருப்பும் சிறு சுக்கான் என்றும், காட்டை எரிக்கும் சிறுபொறி என்றும் நாவை உவமிக்கிறார். இன்று அப்பொறியை நாவில் மட்டுமன்றிச் சட்டைப் பையிலும் வைத்திருக்கிறோம். கைப்பேசியில் வந்த அவதூற்றை மெய்யா பொய்யா என்று பாராமல் ஐம்பது பேருக்கு அனுப்பிவிட்டு, மறுநாள் வழிபாட்டில் அதே விரலால் வேதத்தைப் புரட்டுகிறோம். அதே யாக்கோபு, பசித்து வந்தவனிடம் சுகமாகப் போய்வா என்று வாழ்த்தி அனுப்பிவிட்டு ஒன்றும் கொடாதவனுடைய நம்பிக்கையால் என்ன பயன் என்றும் கேட்கிறார். இனிய சொல்லும் பொய்ச்சாட்சி ஆகிவிடக்கூடும் போலும்!

விடுதியில் பரிமாறுபவரை 'இந்தா' என்று அழைக்கிறோமா, 'அண்ணே' என்று அழைக்கிறோமா? பேருந்தில் நடத்துநர் தவறிக் கூடுதலாகக் கொடுத்த பத்து ரூபாயைத் திருப்பித் தருகிறோமா? அந்தப் பணம் மாலையில் அவர் தம் கையிலிருந்து கட்டவேண்டியது. வகுப்பில் எவனோடும் சேராமல் கடைசி வரிசையில் தனித்திருப்பவன் அருகில் சென்று அமர்கிறோமா? குறுக்கு விசாரணையில் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் இவ்வளவினவே.

அடுத்தமுறை கல்விச் சுற்றுலாவில் தஞ்சைக்குச் செல்லும்போது, பெரிய கோயிலையும் சரசுவதி மகாலையும் கண்டபின், சிவகங்கைப் பூங்காவை அடுத்து 1779-இல் சுவார்ட்சு கட்டிய ஆலயத்துக்கும் செல்லுங்கள். உள்ளே பளிங்குச் சிற்பம் ஒன்று இருக்கிறது. ஜான் பிளாக்ஸ்மன் என்னும் ஆங்கிலச் சிற்பி செதுக்கியது. சுவார்ட்சு மரணப்படுக்கையில் இருக்கிறார்; அருகில் நின்று அவர் கையைப் பற்றிக்கொண்டிருப்பவர் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசி. இளமையில் சுவார்ட்சின் காப்பில் வளர்ந்தவர் அவர். இறுதிவரை தம் முன்னோரின் சமயத்திலேயே வாழ்ந்து, 1832-இல் மறைந்தவர். அச்சிற்பத்தைச் செய்வித்ததும் அவரே. ஆசானுடைய கல்லறையில் பொறிப்பதற்கு ஆங்கிலப் பாடல் எழுதியதும் அவரே. படுக்கையிலிருக்கும் முகத்தைப் பார்த்தபின், நிற்கின்ற மன்னரின் முகத்தையும் சற்று நேரம் நின்று பாருங்கள்.